வர்பாஸ் மாகாணத்தில் ஓர் ஓரகத்தி

வர்பாஸ் மாகாணம் பன்னிரண்டு வருஷம்கூட முழுசாக இருக்கவில்லை. 1929 அக்டோபரில் பெல்கிரேடில் ராஜா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட, அது பிறந்தது. 1941 ஏப்ரலில் போர் வந்ததும் செத்தது. பெர்ஸாவின் பொறாமை அதைவிட ஒரு வயது மூத்தது. மாகாணம் போன பிறகும் அது நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் மறுக்க மாட்டேன்.

1928இல் பெர்ஸாவின் கொழுந்தன் ராதே கல்யாணம் செய்துகொண்டான். பெண் தரிங்கா, ப்ரியேதோரில் ஒரு வாத்தியாரின் மகள். தலையில் முக்காடு இல்லை, தொப்பி இருந்தது. வந்த அன்றே பெர்ஸாவின் கையை முத்தமிட்டு, வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்டாள். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் பெர்ஸா அவள்மேல் கண்ட முதல் குற்றம்.

அதே வருஷம் அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. அப்பாவின் பழைய வீடும், இரட்டைக் குதிரைக் கோச்சு வண்டியும் மூத்தவன் கோய்கோவுக்கு, அதாவது பெர்ஸாவின் புருஷனுக்கு. பிளம் தோப்பில் பாதி ராதேவுக்கு. ராதே அந்தப் பாதியில் வீடு கட்டினான். கட்டினதுதான் கட்டினான், ஜன்னலைத் தெருப் பக்கம் வைத்துக் கட்டினான். வெள்ளைத் திரை போட்ட அந்த ஜன்னல் பெர்ஸாவின் சமையலறையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். கோய்கோ ஒருமுறை, பார்க்காமல் இருந்தால் தெரியாது என்று சொல்லிப் பார்த்தான். அன்று அவனுக்கு உப்பில்லாத சூப் கிடைத்தது.

அடுத்த வருஷம்தான் ராஜா நாட்டை ஒன்பதாகக் கூறுபோட்டார். பழைய பெயர்கள் இருந்தால் பழைய சண்டைகளும் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கூறுகளுக்கு நதிகளின் பெயரை வைத்தார். எங்கள் நதி வர்பாஸ். எங்கள் மாகாணமும் வர்பாஸ். ஒரே ஒரு தெருவுக்குக் கல் பாவியிருந்த எங்கள் பன்யா லூக்கா தலைநகரம் ஆனது. ஆளுநர் வந்தார், அவருக்கு மாளிகை எழும்பியது, பக்கத்தில் நாடகக் கொட்டகை எழும்பியது, சாலையோரம் வரிசையாக மரக்கன்று நட்டார்கள். பெல்கிரேடிலிருந்தும் நோவி ஸாதிலிருந்தும் லுப்லியானாவிலிருந்தும் அதிகாரிகள் பெட்டி படுக்கையோடு ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவந்த வண்டிகளில் ஒன்று கோய்கோவுடையது.

ஆக, மாகாணம் கோய்கோவுக்கும் சோறு போட்டது. ஆனால் ராதேவுக்கு நாற்காலி போட்டது. கோர்ட்டில் நகல் எடுத்துக்கொண்டிருந்தவன், ஆளுநர் அலுவலகத்தில் நீர்த்தொட்டிப் பிரிவு என்று ஒன்று தொடங்கியதும் அதில் எழுத்தர் ஆனான். மேட்டு நிலத்துக் கிராமங்களில் ஆறும் இல்லை, கிணறும் இல்லை; மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டி கட்டித்தர வேண்டும். அதற்கு ஒரு பிரிவு. பெர்ஸாவுக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. ராஜா மெனக்கெட்டுக் கோடு கிழித்தது தரிங்காவுக்கு இரண்டாவது தொப்பி வாங்கித்தரத்தான் என்று அவள் உறுதியாக நம்பினாள். அதைக் கோய்கோவிடம் சொல்லவும் செய்தாள்.

"தொப்பி வேணும்னா உனக்கும் ஒண்ணு வாங்கிக்கலாமே" என்றான் அவன்.

"எனக்கு எதுக்குத் தொப்பி? நான் என்ன வாத்தியார் மகளா?"

தொப்பியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது நிக்கோலா நாள்.

ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களான எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவார். மகன்கள் பிரிந்து போனால் நிலம் பிரியும், மாடு பிரியும், புனிதர் மட்டும் பிரிய மாட்டார். எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் வந்து நிற்பார். இந்தக் குடும்பத்தின் புனிதர் நிக்கோலா, டிசம்பர் பத்தொன்பது. நிக்கோலா நாளில் பாதி ஊர் விருந்து வைக்கும், மீதி ஊர் விருந்துக்குப் போகும் என்பார்கள். அந்த விருந்துக்கு யாரையும் அழைப்பது கிடையாது. மெழுகுவர்த்தியை ஏற்றி, கதவைத் தாழ் போடாமல் விட்டால் போதும், வருகிறவர்கள் வருவார்கள். அழையா விருந்தாளி என்பது மற்ற ஊர்களில் வசவு. எங்கள் ஊரில் அன்றைக்கு அதுதான் மரியாதை. அழைத்தால்தான் அவமானம், அழைத்தவனுக்கும் வந்தவனுக்கும்.

வந்தவருக்கு வாசலிலேயே சர்க்கரையும் வால்நட்டும் கலந்த வேகவைத்த கோதுமை ஒரு கரண்டி. தின்ற கரண்டியைத் தண்ணீர்க் கோப்பையில் போட வேண்டும். அப்புறம் பிளம் சாராயம், அப்புறம் மேஜை. நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது. கெண்டை மீன், அவித்துச் சுட்ட அவரை, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய அரிசி. வீட்டுக்காரன் அன்று உட்காரக் கூடாது. காலையிலிருந்து கடைசி விருந்தாளி போகும் வரை தலையில் ஒன்றும் இல்லாமல் நின்று பரிமாற வேண்டும்.

மாமனார் காலத்தில் அந்த வீட்டில் மூன்று பந்தி நடக்கும். பாகம் பிரித்த பிறகும் முதல் இரண்டு வருஷம் மோசமில்லை. அப்புறம் மெல்ல மெல்ல மாறியது. யாரும் பெர்ஸா வீட்டுக்கு வராமல் இல்லை. மூத்தவன் வீடு, அப்பாவின் புனிதர் படம் இருக்கிற வீடு என்று முதலில் அங்கேதான் வந்தார்கள். ஆனால் கோட்டைக் கழற்றாமல் வந்தார்கள். ஒரு கரண்டி கோதுமை, ஒரு மடக்குச் சாராயம், "இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும்" என்று ஒரு சமாதானம். நாலு வீடும் ஒரே வீடுதான் என்பது பெர்ஸாவுக்குத் தெரியும். வெள்ளைத் திரைக்குப் பின்னால் தலைகள் தெரியும், சிரிப்புக் கேட்கும், அங்கே ஆணியில் கோட்டு மேல் கோட்டாகத் தொங்கும். அலுவலகத்துக்காரர்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் மகனுக்கு ஒரு வேலை, மருமகனுக்கு ஒரு சிபாரிசு என்று எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. பெர்ஸாவின் கோப்பை நிறையக் கரண்டி இருந்தது. மேஜையில் மீன் வாய் பிளந்து கிடந்தது. மறுநாள் முழுக்க அவளும் கோய்கோவும் அந்த மீனையே தின்றார்கள்.

அவள் சமையலில் குறை இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. தரிங்காவின் ரொட்டியைப் போய்ப் பார்த்தாள்; பெர்ஸாவின் ரொட்டிதான் உயரம். தரிங்காவின் அவரை கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. அடிப்பிடித்த அவரையை உட்கார்ந்து தின்கிறார்கள், அடிப்பிடிக்காததை நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டு ஹைரியாவிடம் சொன்னாள். ஹைரியா துருக்கி வழி வந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். பெர்ஸா இந்தத் தெருவுக்கு மருமகளாய் வந்ததிலிருந்து சினேகிதி. வருஷா வருஷம் நிக்கோலா நாளில் ஒரு தட்டு இனிப்போடு வேலி தாண்டி வந்து, கோட்டைக் கழற்றி, சாயங்காலம் வரை உட்காருகிற ஒரே ஆள் அவள்தான். ஆனால் பொறாமைக்காரிக்கு வந்தவர் கண்ணில் படமாட்டார், வராதவர்தான் படுவார்.

1934இல் நீர்த்தொட்டிப் பிரிவுக்குப் புதுத் தலைவர் வந்தார். ஸ்லோவேனியாக்காரர், கத்தோலிக்கர், பெயர் ரெம்ஸ். மனைவியை இழந்தவர். ஸ்டேஷனிலிருந்து அவரை ஏற்றிவந்தது கோய்கோதான். இறங்கியதும் குதிரைகளுக்கும் நன்றி சொன்ன ஒரே அதிகாரி என்று வீட்டில் வந்து சொன்னான். நல்ல மனுஷர், ஆனால் கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைப்பு. யார் வீட்டுக்கும் போவதில்லை. புனிதர் நாள் ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் பாதி காலியாகும். அவர் மட்டும் மேஜையில் இருப்பார். தலைக்கனம் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள்.

தரிங்கா ஒருநாள் வேலியோரம் நின்று பெர்ஸாவிடம் சொன்னாள். ரெம்ஸ் சாருக்கென்று இரண்டு வருஷமாக ஒரு நாற்காலி தனியாகப் போட்டு வைக்கிறாளாம், யாரையும் அதில் உட்கார விடுவதில்லையாம். அவர் வரவே இல்லை. அவருக்குத் தன்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று ராதே ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிறானாம். "எங்க கிட்ட என்ன தப்புன்னு தெரியல அக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பெர்ஸா ஆறுதல் சொன்னாள். உள்ளே போனதும் அடுப்பு முன்னால் நின்றாள். தரிங்காவிடம் தொப்பி இருந்தது, ஜன்னல் இருந்தது, ஊர் இருந்தது. இல்லாதது ஒரே ஒரு விருந்தாளி. அந்த விருந்தாளி தனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷம் பெர்ஸாவுக்குத் தோன்றியது. ரெம்ஸ் மாதிரி யாரோ ஒரு அதிகாரி அல்ல, அவரேதான் வேண்டும்.

1936 டிசம்பர் முதல் வாரம் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனாள். என்ன மனு என்று கேட்டார். நிக்கோலா நாள் விருந்துக்கு ஓர் அழைப்பு என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கொலை வழக்குக்குக்கூட எழுதியிருக்கிறாராம், இப்படி ஒன்று இதுவரை எழுதியதில்லையாம். ரெம்ஸ் சார் அந்த மாதிரி ஊர்க்காரர், அழைத்தால்தான் வருவார் என்று பெர்ஸா சொன்னாள். அது எப்படியோ அவளுக்கு விளங்கியிருந்தது. ஊரில் யாருக்கும் விளங்காதது பொறாமைக்கு விளங்கிவிடும். நல்ல தாளில், மதிப்புக்குரிய ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து, எழுதி வாங்கிக்கொண்டாள். கோய்கோவிடம் மூச்சு விடவில்லை.

நிக்கோலா நாளில் பனி பெய்தது. பதினொரு மணிக்குப் பாதிரியார் வந்து, புனிதருக்கான ரொட்டியை ஜெபித்து வெட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டுக்கு வழக்கம்போல ஆட்கள் கோட்டோடு வந்தார்கள். ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் வாசலறையில் நின்று கோதுமை தின்றுகொண்டிருந்தார்கள். ஹைரியா உள்ளே மேஜையில். அப்போது கதவு தட்டப்பட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் அன்றைக்கு யாரும் கதவு தட்ட மாட்டார்கள். ரெம்ஸ் நின்றார். ஒரு கையில் தொட்டியோடு ஒரு பூச்செடி. இன்னொரு கையில், உள்ளே விடச் சீட்டு மாதிரி, அந்த உறை.

"அழைப்புக்கு ரொம்ப நன்றி" என்று உறையைக் கோய்கோவிடம் நீட்டினார். அவருக்கு அவருடைய ஊர் மரியாதை. "இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷத்துல எனக்கு வந்த முதல் அழைப்பு இதுதான்."

 கோய்கோ உறையைப் பார்த்தான், பெர்ஸாவைப் பார்த்தான். பிறகு தலையைத் தாழ்த்தி வரவேற்று, கரண்டியை நீட்டினான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கோப்பையை வைத்துவிட்டு, "நிக்கோலா காப்பாத்துவார்" என்று சொல்லிக் கிளம்பினார்கள். வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று பெர்ஸா நினைத்தாள். பொறாமையில் போகிறார்கள் என்று நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த வியாதி அது ஒன்றுதான்.

ரெம்ஸ் கோட்டைக் கழற்றினார். உட்கார்ந்தார். மீன் தின்றார், அவரை இரண்டு தடவை வாங்கித் தின்றார், தன் செத்துப்போன மனைவியும் இப்படித்தான் முட்டைக்கோஸ் சுருட்டுவாள் என்றார். கோய்கோ பின்கட்டுக்குச் சாராயம் எடுக்கப் போயிருந்த நேரத்தில், அவர் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்.

"ராதே உங்க கொழுந்தன்தானேம்மா? என் கீழ ரெண்டு வருஷமா வேலை பாக்கறார். ஒரு தடவைகூட என்னக் கூப்பிட்டதில்ல. மறுநாள் ஆபீஸ் முழுக்க அவங்க வீட்டு விருந்தப் பத்தியே பேச்சு. நான் கத்தோலிக்கன்னு ஒதுக்கறாங்களா?"

ஒரே ஒரு வரி போதும். எங்களில் யாரும் யாரையும் அழைப்பதில்லை ஐயா, உங்களுக்கு அங்கே நாற்காலி காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வரி நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவர் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போவார், அந்த நாற்காலியில் உட்காருவார், தரிங்காவுக்கு அதுவும் கிடைத்துவிடும். ஹைரியா மேஜையின் மறுமுனையில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஆளப் பாத்துதான் கூப்பிடுவாங்க" என்றாள் பெர்ஸா. "நாங்க அப்படி இல்ல."

ரெம்ஸ் தலையாட்டினார். மூன்று மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினார். ராதே வீட்டு ஜன்னலைக் கடந்து, திரும்பாமல் நேராகத் தெருவில் நடந்தார். ஜன்னலில் தரிங்கா கோதுமைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அதைப் பெர்ஸா பார்த்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வயிற்றில் எரிச்சல் இல்லை.

அன்று இரவு கோய்கோ ஒன்றுதான் கேட்டான். "நீ கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். வந்தாரா இல்லையா?"

அவன் குதிரைகளைப் பார்க்கப் போனான்.

மார்ச்சில் ராதேவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மன்யாச்சா மேட்டில், சித்னிட்சா என்ற கிராமத்தில், தொட்டி வேலையைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு எழுத்தர் வேண்டும். யாராவது ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. நாலு எழுத்தரில் தன்னிடம் ஒட்டாத ஒருவனை ரெம்ஸ் தேர்ந்தெடுத்தார். மனுஷர் என்றால் அப்படித்தான் செய்வார். ஓநாயும் காற்றும் மட்டும் குடியிருக்கிற மேடு அது. தரிங்கா திரைகளைக் கழற்றி மடித்தாள். கிளம்பும் முன் வந்து பெர்ஸாவைக் கட்டிக்கொண்டாள்.

"நிக்கோலா நாளுக்கு இனிமே எங்க வீட்டுக்கு வர்றவங்களும் உங்க வீட்டுக்குத்தான் அக்கா. பாவம், உங்களுக்குத்தான் வேலை அதிகம்."

பெர்ஸா அழுதாள். உண்மையாகவே அழுகை வந்தது, சந்தோஷத்தை அடக்கினாலும் கண்ணில் தண்ணீர் வரும்.

அந்த வருஷம் அவள் நவம்பரிலேயே ஆரம்பித்துவிட்டாள். பர்தாச்சா குளத்திலிருந்து கெண்டை இரண்டு பங்கு. ரொட்டி இரண்டு. பக்கத்துத் தெருவிலிருந்து இரவல் நாற்காலி. ஆணி போதாது என்று கோய்கோவை விட்டு வாசலறையில் இன்னும் பன்னிரண்டு ஆணி அடிக்கச் சொன்னாள். அவன் அடித்தான். ஆளுநர் அலுவலகம் முழுக்க இங்கேதான் வரும், வேறெங்கே போகும்? ரெம்ஸுக்கு இந்தத் தடவை அழைப்பு அனுப்பவில்லை. வழி தெரிந்துவிட்டதே, தானாக வருவார் என்று இருந்துவிட்டாள்.

பாதிரியார் வந்தார், ரொட்டியை வெட்டினார், போனார். அவர் விருந்தாளி கணக்கில் வர மாட்டார். பன்னிரண்டு அடித்தது. ஒரு மணி. தெருவில் ஆட்கள் போனார்கள். பனியில் காலடிச் சத்தம் வரும், வாசல் வரை வரும், தாண்டிப் போகும். வேறு நிக்கோலா வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோய்கோ தலையில் ஒன்றும் இல்லாமல் மேஜை ஓரம் நின்றான். இரண்டு மணிக்கு மீன் விறைத்தது. பெர்ஸா அதைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். மூன்று மணிக்கு மறுபடி வைத்தாள். கோப்பையில் தண்ணீர் தெளிவாக இருந்தது, ஒரு கரண்டிகூட விழவில்லை.

ஹைரியாகூட வரவில்லை. அதைத்தான் பெர்ஸாவால் நம்ப முடியவில்லை. உடம்பு சரியில்லை போல என்று சொன்னாள்.  உட்காருங்கள் என்று சொன்னாள். கோய்கோ உட்காரவில்லை. மெழுகுவர்த்தி அடிவரை எரியும் வரை நின்றான். அதன்பிறகு வழக்கப்படி கொஞ்சம் ஒயினை ஊற்றி அதை அணைத்துவிட்டு, நாற்காலியில் விழுந்தான். காலைத் தூக்க முடியவில்லை அவனால்.

மறுநாள் காலை ஹைரியா வேலியோரம் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகவே இருந்தாள்.

"ஏன்டி வரல?" என்று கேட்டாள் பெர்ஸா.

ஹைரியா மண்வெட்டியை நட்டாள். கோபக்காரி இல்லை அவள், குரலும் உயரவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் வந்தேன் பெர்ஸா. நீ யாரையும் கூப்பிடல, அதனால நான் வந்தேன். இந்தத் தெருவே வந்துச்சு. போன வருஷம் நீ ஒருத்தரக் கூப்பிட்ட. கடுதாசி போட்டுக் கூப்பிட்ட. அப்பவே நாங்க எல்லாரும் கூப்பிடாத ஆளுங்க ஆயிட்டோம். கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்படி வர்றது?"

 ஹைரியா மறுபடி பனியைத் தள்ள ஆரம்பித்தாள்.

பழைய நாட்காட்டிப்படி எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. அதற்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி நாலாம் தேதி, சித்னிட்சாவிலிருந்து கடிதம் வந்தது. தரிங்காவின் கையெழுத்து. பெர்ஸாவுக்குப் படிக்கத் தெரியாது. கோய்கோ பட்டாளத்தில் எழுத்துக் கற்றவன், விரலை வைத்து வைத்து உரக்கப் படிப்பான். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

எல்லாரும் சௌக்கியம். தொட்டி ஒன்று முடிந்தது, ஊர் தண்ணீர் குடிக்கிறது. நிக்கோலா நாளில் யாரையும் தெரியாத ஊராச்சே, யார் வரப்போகிறார்கள் என்று நாலு பேருக்குத்தான் சமைத்தாளாம். ஜன்னல் வரை பனி. பத்து மணிக்கு முதல் சறுக்குவண்டி வந்ததாம், அப்புறம் நிற்கவே இல்லையாம். வீட்டில் நாற்காலி இல்லாதது தெரிந்து முக்காலியைக் கையோடு கொண்டுவந்தார்களாம். முப்பது பேர். அவரை அடிப்பிடித்துவிட்டதாம், ஒருவரும் கண்டுகொள்ளவில்லையாம். உங்கள் கைப்பக்குவம் எனக்கு வராது அக்கா, என்று எழுதியிருந்தாள்.

இங்கே கோய்கோவின் விரல் நின்றது. மேற்கொண்டு அவன் மெதுவாகப் படித்தான்.

"மத்தியானம் ரெம்ஸ் சாரும் வந்தார். தொட்டியப் பாக்க வந்தேன்னு சொன்னார், ஆனா பனியில தொட்டி எங்க தெரியுது? கூப்பிடாம வர்றதுதான் இங்க வழக்கம்னு தொட்டி கட்டுற கொத்தனார் அவருக்குச் சொன்னாராம். வாசல்ல நின்னு, கூப்பிடாமத்தான் வந்திருக்கேன், உள்ள விடுவீங்களான்னு கேட்டார். போன வருஷம் உங்க வீட்டுல உங்ககிட்ட அவர் கேட்டதையும், நீங்க சொன்ன பதிலையும் எங்ககிட்ட சொன்னார். ஏன் அந்தம்மா எனக்கு அன்னைக்கே சொல்லலன்னு கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல அக்கா."

சீவுகிற கத்தி நின்றுபோனது. இன்னும் இரண்டு வரி இருந்தது. கோய்கோ அதையும் படித்தான்.

"கிறிஸ்துமஸ் வருது. அண்ணனையும் உங்களையும் நான் கூப்பிடல. கதவுக்கு இங்க தாழ்ப்பாளே கிடையாது."

கோய்கோ கடிதத்தை மடித்தான். மனைவியைப் பார்த்தான். அவளுக்கு ஆயிரம் சொல்ல இருந்தது. தப்பு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு புரண்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அழுதிருக்கலாம். ஆனால் நெஞ்சில் ஒன்று மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. அதுதான் வாயில் வந்தது.

"முப்பது பேருன்னா எழுதியிருக்கா?"

"முப்பத்தொண்ணு" என்றான் கோய்கோ. "ரெம்ஸையும் சேத்து."

மறுநாள் விடிந்ததும் அவன் சறுக்குவண்டியில் குதிரைகளைப் பூட்டினான். சித்னிட்சாவுக்கு இரண்டு நாள் பாதை. கிளம்பினால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தம்பி வீட்டில் இருக்கலாம். வைக்கோலைப் பரப்பினான், அதன்மேல் கம்பளியை விரித்தான், இரண்டு பேர் உட்காரும் அகலத்துக்கு விரித்தான். வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகத்தைக் குதிரைகளின் பக்கம் வைத்துக்கொண்டான்.

பெர்ஸா சமையலறையில் நின்றாள். கம்பளிச் சால்வையைப் போர்த்தி, பூட்ஸ் மாட்டி, கையில் மூட்டையோடு நின்றாள். மூட்டையில் ஒரு ரொட்டி இருந்தது, உயரமாக எழும்பியது. "வாடி" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். தானாகப் போய் ஏறுவதா? அந்த வீட்டுப் படியில், அந்த முப்பத்தொரு பேர் உட்கார்ந்து போன இடத்தில், ஒருவரும் கூப்பிடாமல் போய் உட்காருவதா? ஒருமுறை கூப்பிடட்டும். ஒரே ஒருமுறை.

கோய்கோ வெகுநேரம் இருந்தான். குதிரைகளின் முதுகு பனியில் வெளுத்துவிட்டது. வேலிக்கு அப்பால் ஹைரியா பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எனக்குச் சொன்னதும் அவள்தான். அவன் கூப்பிடவே இல்லை. கூப்பிடுகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பிறகு கடிவாளத்தை ஒரு சுண்டு சுண்டினான், வண்டி நகர்ந்தது. பெர்ஸா மூட்டையோடு வாசலுக்கு ஓடிவந்தபோது அது தெருமுனை திரும்பிவிட்டது.